கார்த்தியின் நூறு மெசேஜ்

எனக்கு அடைசல் ஆகாது. காளப்பநாயக்கன்பட்டியில் என் வீட்டுக்கு வந்து பாருங்கள். ஓடாத கடிகாரம், மூடி தொலைந்த டப்பா, டிவி விளம்பரத்தில் மயங்கி என் வீட்டுக்காரர் தபாலில் வரவழைத்து ஒரே வாரத்தில் ஓய்ந்துபோன காய் வெட்டும் மெஷின், எதுவும் இருக்காது. பழைய இரும்புக்காரன் எங்கள் வாசலைப் பார்த்தாலே சைக்கிளை நிறுத்திவிடுவான்.

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் செல்போன் கடை போட்டது 2005இல். தினமும் முதல் பஸ்ஸில் மலையேறி, கடைசி பஸ்ஸில் இறங்குவேன். கடைச் சுவரில் ஓர் அட்டை எழுதி ஒட்டியிருந்தேன். ஈரக் கையால் தொடாதே, சார்ஜ் ஏறும்போது பேசாதே, தெரியாத நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடாதே, வேண்டாத மெசேஜை வாரம் ஒருமுறை அழி. யாரும் படிப்பதில்லை. அதனால் வாயால் சொல்வேன், கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன். "இது போனா, குப்பைக் கூடையா?" என்று என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் மலையில் குறைவு.

சின்னுசாமியை மட்டும் நான் அப்படிக் கேட்டதில்லை.

அவர் சோளக்காட்டுப் பக்கம் மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். மனைவி இல்லை. மகள் சுகுணாவை அடிவாரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மகன் கார்த்தி போர் போடும் ரிக் லாரியில் வேலைக்குப் போனான். ஒரு மாதம் ஆந்திரா, அடுத்த மாதம் ஒடிசா. கிளம்பும்போது என் கடையில்தான் அப்பாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். வெளி மாநிலத்திலிருந்து பேசினால் காசு கரையும், மலையிலோ பாதிப் பேச்சு அறுந்துபோகும். அதனால் மெசேஜ் போடுவான். சின்னுசாமிக்கு எழுத்து தெரியாது. சந்தைக்கு வரும்போது போனை என்னிடம் நீட்டுவார், நான் படித்துக் காட்டுவேன்.

"அப்பா சாப்டேன்." "இங்க ஒரே வெயில்." "ஆட்டுக்கு சீக்கு தேவலையா?" "இன்னிக்கு அறுநூறு அடி போட்டோம், தண்ணியே இல்ல, ஓனர் திட்டுனாரு." பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கிற சிரிப்புக்காகவே, கடையில் ஆள் நின்றாலும் முதலில் அவருக்குப் படிப்பேன்.

ஒன்றரை வருஷத்தில் ஒடிசாவில் ரிக் லாரி கவிழ்ந்தது. கார்த்தியைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். இருபத்தோரு வயது.

அதற்குப் பிறகும் சின்னுசாமி சந்தைக்கு வந்தார், போனை நீட்டினார். பழைய மெசேஜையே படிக்கச் சொன்னார். நானும் புதிதாக வந்ததைப் போலப் படித்தேன். அந்தப் போனில் நூறு மெசேஜ்தான் கொள்ளும். நூறும் கார்த்தியுடையது. திரையின் மேலே ஒரு கடித உறைப் படம் மினுக்கிக்கொண்டே இருந்தது.

"ஏனுங்கண்ணா, பெட்டி நெறஞ்சு போச்சுங்க. நாலஞ்ச அழிச்சாத்தான் புதுசு உள்ள வரும்."

"எனக்கு யாரு கண்ணு புதுசா போடப் போறாங்க? சுகுணா பேசணும்னா பக்கத்து ஊட்டுப் போன்ல இருந்து கூப்புடுவா. அவனுதுல கை வெக்காதே சாமி."

சரி என்று விட்டுவிட்டேன். ஊரில் எல்லோரையும் விரட்டுகிற நான், அந்த ஒருவரிடம் இளகிப் போனேன். அதை நல்ல குணம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று மாதம் அந்த உறை மினுக்கியது.

ஒரு சந்தை நாளில் சின்னுசாமி மிளகு மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். அடிவாரத்திலிருந்து வந்த சொந்தக்காரர் மாணிக்கம் சந்தையில் அவரைப் பிடித்துக்கொண்டாராம். "உம் பொண்ணு நாலு நாளா உனக்கு மெசேஜ் போடுறாளாம், நீ கண்டுக்கவே இல்லையாமே?" என்று கேட்டிருக்கிறார். சுகுணாவுக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். மாமியார் வீட்டில் வெளியே விடுவதில்லை. பேசினால் காதில் விழுந்துவிடும் என்று, பக்கத்து வீட்டுக் கண்ணாயியின் போனை வாங்கி ஒளிந்து நின்று மெசேஜ் போட்டிருக்கிறாள்.

"ஒண்ணே ஒண்ண அழி கண்ணு. சின்னதாப் பாத்து அழி" என்றார்.

தேடினேன். "சரிப்பா" என்று ஒரே வார்த்தையில் ஒன்று இருந்தது. படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அழித்தேன். அடுத்த நிமிஷம் போன் கூவியது.

"அப்பா வயிறு ரொம்ப வலிக்குது. ஆஸ்பத்திரி கூட்டிப்போக மாட்டேங்கறாங்க. வந்து கூட்டிட்டுப் போ." முந்தாநாள் காலையில் போட்டது. அதற்கும் முன்னால் போட்டவை இடமில்லாமல் காத்துக் கிடந்து, கெடு முடிந்து காணாமல் போயிருக்க வேண்டும். உறை இன்னும் மினுக்கியது.

"இன்னும் இருக்குதா?"

"இருக்குதுங்க. எத்தனைன்னு தெரியலைங்க."

"அப்ப எல்லாத்தையும் அழிச்சுரு."

"அண்ணா, ஒரு நோட்டுல எழுதிக்கறனுங்க, அரை மணி நேரம்..."

"எம்புள்ள வலியில கெடக்குறா. எழுதற நேரமா இது? அழி!"

அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றுதான். மொத்தமாக அழிக்கும் பட்டனை அழுத்தினேன். ஒரு பையனின் ஒன்றரை வருஷம் போவதற்கு ஒரு பெருமூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. இன்னொரு மெசேஜ் மட்டும் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் போட்டது.

"அப்பா எம்மேல கோவமா?"

நான் படித்தேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாயியின் நம்பருக்கு நானே கூப்பிட்டேன். விடிகாலையில்தான் நாமக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்றாள். பெண் பிழைத்துவிட்டாள், குழந்தை தங்கவில்லை என்றாள். அவரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து கடைக்கு உள்ளே நின்று அழுதேன். அன்றைக்கு யாருக்கும் ரீசார்ஜ் போடவில்லை.

நாற்பது நாள் கழித்து இருவரும் கடைக்கு வந்தார்கள். சுகுணா மெலிந்து, கழுத்தெலும்பு தெரிய நின்றாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"மெசேஜ் ஏன் வரலைன்னு அப்பா சொன்னாருங்க அக்கா. எனக்குக் கோவமில்லீங்க. தம்பி இருந்த எடம்தானே" என்றாள். பிறகு கொஞ்சம் முகம் தெளிந்து, "இனி நான் மலைய விட்டுப் போறதா இல்லீங்க. பத்தாவது வரைக்கும் படிச்சவ ஊட்டுலயே இருக்குறப்ப அப்பா எதுக்குங்க உங்ககிட்ட வரணும்? அவன் போட்டத தெனமும் நானே படிச்சுக் காட்டிருவேன். அது எங்கிருக்குன்னு மட்டும் எடுத்துக் குடுங்க. நான் ஒண்ணுகூடப் பாத்ததில்ல" என்றாள்.

போனை என் முன்னால் வைத்தாள்.

நான் சின்னுசாமியைப் பார்த்தேன். அவர் ரோட்டில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழித்ததை மகளிடம் அவர் சொல்லவில்லை. அந்தப் பாவத்தை நான் சுமக்கட்டும் என்று விட்டாரா, சொல்ல வாய் வரவில்லையா, எனக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன்.

சுகுணா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நீங்க அதையெல்லாம் படிச்சவங்கதானே அக்கா, நெனப்பு இருக்குறதச் சொல்லுங்க" என்றாள்.

ஆடு, வெயில், தண்ணீர் இல்லாத குழி, ஓனர் திட்டு என்று நினைவுக்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் விரல் மடக்கிக்கொண்டே கேட்டாள், அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பத்தோடு எனக்கு நின்றுபோனது. இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அக்கா நல்லாருக்காளா, அவளப் போய்ப் பாருப்பா" என்று ஒன்று சொன்னேன். "அக்காவுக்குப் பொறக்குற கொழந்தைக்கு நான்தான் வளையல் வாங்குவேன்" என்று இன்னொன்றும் சொன்னேன்.

அந்த இரண்டைக் கேட்டுத்தான் சுகுணா அழுதாள். அந்த இரண்டும் கார்த்தி போட்டதில்லை.