குடையின் எண்ணிலிருந்து வந்த படங்கள்

எக்ஸ்ரே அக்காவின் வீட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு நிறம் நின்றுபோனது. குழாயில் தண்ணீர் நிற்பது போலத்தான், முன்னறிவிப்பு கிடையாது. பல் துலக்கிக்கொண்டிருந்தவளின் கையில் பச்சைப் பிரஷ் சாம்பலானது, குளியலறைக் கதவின் பழுப்பு இன்னொரு வகைச் சாம்பலானது, கண்ணாடியில் தெரிந்த உதடு வேறொரு சாம்பலானது. பல்புதான் போய்விட்டதென்று நினைத்துச் சுவிட்சை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். பல்பு நன்றாகத்தான் எரிந்தது. மாடிப்படிக்கு வந்தால் கைப்பிடியின் சிவப்பும் எதிர்வீட்டு வாசலில் கிடந்த ஊதாச் செருப்பும் இருந்த இடத்தில் இருந்தன. திரும்ப உள்ளே கால் வைத்ததும் அவள் போட்டிருந்த மஞ்சள் சட்டை கழுத்துவரை வெளுத்தது.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, மேல்மாடியில் தண்ணீர் கசிகிறது என்றார். எதற்கும் அதையே சொல்கிறவர் அவர். பெயிண்டர் ஒரு டின் பச்சையோடு வந்து மூடியைத் திறந்தார். உள்ளே சாம்பல் இருந்தது. படிக்கட்டுக்குத் தூக்கிக்கொண்டுபோய்ப் பார்த்தார், பச்சை. இப்படி நாலு தடவை உள்ளும் வெளியும் நடந்துவிட்டு, இதற்கு மேல் தன்னால் ஆகாது என்று மூடியை அழுத்தி மூடிக்கொண்டு போய்விட்டார். கண் டாக்டர் அவள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லி, வந்ததற்காகச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் அந்த மாடியில் எல்லோருக்கும் பழகிவிட்டது. அவளுக்கு அதற்கும் முன்பே பழகிவிட்டது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருபத்திரண்டு வருடமாக மனிதர்களின் உள்பக்கத்தைச் சாம்பலில் பார்த்து வருகிறவள் அவள். வீடும் அப்படி ஆனதில் என்ன உடுத்துவது என்ற யோசனை மிச்சமானது. தக்காளி பழுத்ததா என்பதை மட்டும் அமுக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

நிறம் நின்றதற்கு ஒன்பது நாள் முன்பு அவளுடைய தங்கை இறந்திருந்தாள். அக்காவுக்கு வரன் அமையவில்லை. தங்கை அமைந்த வரன்களை எல்லாம் தட்டிக் கழித்தாள். அப்பா அம்மா போன பிறகு அந்த மூன்றாம் மாடி வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையாகப் பதினாறு வருடம் இருந்தார்கள். தங்கைக்குத் திரைச்சீலைக் கடையில் வேலை. வெறும் மஞ்சள் என்று அவள் வாயில் வந்ததே இல்லை. எலுமிச்சைத் தோல் மஞ்சள், பழைய காகித மஞ்சள் என்றுதான் சொல்லுவாள். அந்தக் கடையில் ஏணியில் ஏறித் துணிச்சுருளை உருவும்போது விழுந்தாள். விலாவைப் பிடித்துக்கொண்டு தன் காலால் நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அக்கா அவளைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய், ஒரு நாளைக்கு அறுபது முறை சொல்வதைச் சொன்னாள்: "நேரா நில்லுங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க. பிடிங்க... பிடிங்க... இப்ப விடலாம்."

"என்னக்கா, என்னைப் போய் நீங்க வாங்கன்னு," என்று தங்கை சிரித்ததில் படம் ஆடிப்போய், இன்னொன்று எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது படத்தில் அவள் அசையவே இல்லை. நாலு எலும்பு விரிசல். மூன்றாம் நாள் உள்ளே ரத்தம் கசிந்தது, நாலாம் நாள் போய்விட்டாள். யாரையும் குற்றம் சொல்ல அதில் எதுவும் இல்லை. செய்ய வேண்டியதை எல்லோரும் செய்திருந்தார்கள். ஊரிலிருந்து வந்த சித்தி, "அழுதுடும்மா, அழுதா பாரம் இறங்கும்," என்றாள். அவளும் சொன்ன பேச்சைக் கேட்டு அறைக்குள் போய் உட்கார்ந்து முயன்று பார்த்தாள். காய்ந்த துணியைப் பிழிந்த மாதிரி இருந்தது. வெளியே வந்து, வரவில்லை என்று சித்தியிடம் சொல்லிவிட்டு வேலைக்கு விடுப்பு எழுதினாள்.

தங்கையின் போனுக்குத் தினமும் சார்ஜ் போடுவது எப்போதுமே அக்காவின் வேலை. மறதிக்காரியான தங்கை இருந்தவரை போட்டாள், போன பிறகும் போட்டாள். அந்தப் போன் ஓயாமல் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. பொழுதுபோக்காகப் படம் எடுக்கிறவர்கள் பதினோரு பேர் சேர்ந்த ஒரு குழு அதில் இருந்தது. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தவர்கள் இல்லை, பெயர்கூடத் தெரியாது. சலூன்காரருக்குக் கத்திரி என்று பெயர், பள்ளி வேன் ஓட்டுகிறவருக்கு வேன், பாங்கில் இருந்து ஓய்வுபெற்றவருக்குக் கேஷியர். தங்கை முதன்முதலாகப் போட்டது ஒரு சிவப்புக் குடையின் படம் என்பதால் அவள் குடை. வருடம் ஒருமுறை எல்லோர் படங்களையும் சேர்த்துக் காலண்டர் அச்சடித்துக் கேஷியர் தபாலில் அனுப்புவார். அவரிடம் மட்டும் எல்லோர் விலாசமும் இருந்தது. குழுவுக்கு ஒரே ஒரு சட்டம். யார் படம் போட்டாலும் முதலில் நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும், பிறகு குறையாக ஒன்று. இரண்டில் ஒன்றை விழுங்கிவிட்டு நழுவக் கூடாது. இப்படி இரண்டு வருடமாக ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள். குடை எங்கே, குடைக்கு என்ன ஆச்சு, குடை விரிஞ்சு ரொம்ப நாள் ஆச்சே என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தார்கள்.

ஆறாவது வாரம் அக்கா பால்கனியில் துணி எடுக்கப் போனாள். கொடியை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அவள் பாதியில் துணிகள் தொங்கின. மறு பாதியில் வெறும் கிளிப்புகள் வரிசையாகக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தன. ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. உள்ளே போய்த் தங்கையின் போனை எடுத்துவந்து அதைப் படம் எடுத்தாள். ஒரு வார்த்தையும் எழுதாமல் குழுவில் போட்டாள்.

வேன் உடனே குதித்தார். "குடை வந்தாச்சு! கறுப்பு வெள்ளைக்கு மாறிட்டீங்களா? அட்டகாசம்." கேஷியர், கிளிப்புகளின் நிழல் அருமை, கொஞ்சம் கீழே குனிந்து எடுத்திருக்கலாம் என்று எழுதினார். கத்திரி ஒரு மணி நேரம் கழித்துத்தான் எழுதினார்: "நல்ல படம். விடாம போடுங்க."

மறுநாள் அவள் குனிந்து எடுத்தாள். அடுத்த நாள் அடுப்பு மேடையை எடுத்தாள், பிறகு மடித்து வைத்த போர்வையை, பாதி மூடிய ஜன்னலை. செத்தவளின் எண்ணிலிருந்து படம் அனுப்பி, செத்தவளுக்கு வரும் பாராட்டை வாங்கிக்கொள்வது தப்பு என்று தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை இடம் மாற்றி நிறுத்தினால் தெரியுமே, அப்படித் தெரிந்தது, உறைக்கவில்லை. ஆனால் அன்றாடம் வேலை முடிந்து வந்ததும் வெளிச்சம் எந்தச் சுவரில் விழுகிறது என்று பார்க்க ஆரம்பித்திருந்தாள். ஒன்பது மாதத்தில் நூற்று நாற்பது படம். கேஷியருக்கு மட்டும் ஒரு சந்தேகம் அரித்தது: இந்தக் கறுப்பு வெள்ளை எந்தச் செயலியிலும் வராதே, இது எந்த மெஷின்? அவள், வீட்டில் இருப்பதைத்தான் எடுக்கிறேன் என்று எழுதினாள். அது உண்மை.

அந்த வருடம் குழுவினர் காலண்டரோடு நிற்காமல் நூலகத்தின் கூடத்தை வாடகைக்கு எடுத்து ஒரு கண்காட்சி வைப்பதென்று முடிவு செய்தார்கள். வாசலில் முதல் படம் குடையின் கொடியும் கிளிப்பும். குடை நேரில் வந்தே ஆக வேண்டும் என்றார்கள். அவள் உடம்பு சரியில்லை என்று எழுதினாள். இரண்டு வாரம் கழித்தும் உடம்பு சரியில்லை என்று எழுதினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு மூன்று பேர் அவள் வீட்டு மணியை அடித்தார்கள்.

கேஷியர் கிளிப்பச்சைச் சட்டை போட்டிருந்தார். நிலைப்படியைத் தாண்டியதும் சட்டை சாம்பலானது. அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப மெஷின் இல்ல, வீடுதான்," என்றார். ஒன்பது மாத அரிப்பு தீர்ந்த நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. வேன்காரர் ஒரு காலை உள்ளேயும் வெளியேயும் இரண்டு முறை வைத்துப் பார்த்தார். கத்திரி, எழுபதை நெருங்குகிற மெலிந்த மனிதர், எதையும் பார்க்காமல் நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "குடை வெளிய போயிருக்கா," என்றாள். "நான் அவ அக்கா."

யாரும் டீயைத் தொடவில்லை.

"எங்களுக்குத் தெரியும்மா," என்றார் கத்திரி.

"என்ன தெரியும்?"

"உங்க தங்கச்சி எடுக்கிற படம் எல்லாம் இடது பக்கமா சாயும். வீடு சாயும், ரோடு சாயும், கடல் எடுத்தாக்கூடத் தண்ணி ஒரு பக்கமா கொட்டிடுற மாதிரி இருக்கும். ரெண்டு வருஷம் சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலிச்சுது. அப்புறம் ஒன்றரை மாசம் ஆளையே காணோம். வந்த முதல் படம் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருந்துச்சு. பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு."

"நான்தான் அப்புறம் திரைச்சீலைக் கடைக்குப் போய் விசாரிச்சேன்," என்றார் கேஷியர், தப்புச் செய்தவர் போல.

"அப்பவே ஏன் கேட்கல?"

கத்திரிதான் சொன்னார். "நீங்க படம் போட்டீங்க. நல்லா இருந்துச்சு. நல்லா இருக்குன்னு சொன்னோம். இதுல கேட்க என்ன இருக்கு?"

அவள் நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். வார்டில் வேலை மாறும்போது அடுத்த ஆளிடம் ஒப்பிப்பது போல, நேரம் விடாமல், வரிசை மாறாமல், ஏணி, விலா, சிரிப்பு, இரண்டாவது படம், மூன்றாம் நாள், நாலாம் நாள். வேன்காரர் தேம்பித் தேம்பி அழுதார். அவள் துண்டு எடுத்து வந்து கொடுத்தாள். அவருடைய கண்ணீரும் மற்ற எல்லோருடையது போல நிறமில்லாமல்தான் இருந்தது; அந்த வீட்டில் மாறாத ஒன்று அதுதான் என்று கேஷியர் பின்னாளில் சொல்லுவார். அப்புறம் அவளே போய் அலமாரியிலிருந்து ஒரு பெரிய உறையை எடுத்துவந்தாள். உள்ளே தங்கையின் எக்ஸ்ரே. "இதுதான் அவளோட கடைசிப் படம்," என்றாள். "நான் எடுத்தது."

கத்திரி அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூன்று பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். குழுவில் எந்தப் படத்தையும் பார்க்கிற அதே கவனத்தோடு, மேலிருந்து கீழே, ஓரம் ஓரமாகப் பார்த்தார்கள்.

"மூச்சை நல்லா பிடிச்சிருக்காங்க," என்றார் கத்திரி கடைசியில். "கொஞ்சங்கூட ஆடல. அவங்க படத்துல முதல் தடவையா சாய்வே இல்ல."

சட்டப்படி அடுத்து குறை ஒன்று சொல்ல வேண்டும். வேன்காரர் கத்திரியைப் பார்த்தார், கத்திரி கேஷியரைப் பார்த்தார். கேஷியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். "எனக்கு ஒன்னும் தெரியல," என்றார். பிறகு ஆறிப்போன டீயை மூன்று பேரும் குடித்தார்கள். அவள் அழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்; அவர்கள் வந்ததிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தாள்.

கண்காட்சி நல்லபடியாக நடந்தது. கொடியும் கிளிப்பும் படத்துக்குக் கீழே இரண்டு பேரின் பெயரையும் போட்டிருந்தார்கள். அவளைத் தனியாக அவளுடைய எண்ணிலேயே குழுவில் சேர்த்து, நூல் என்று பெயர் வைத்தார்கள். குடையின் எண்ணை யாரும் நீக்கவில்லை. காலண்டர் அந்த விலாசத்துக்கு வருடாவருடம் இரண்டு பிரதி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் அவள் வீட்டில் கூட ஆரம்பித்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம் எடுக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது என்பது வெளியில் சொன்ன காரணம். பள்ளி வேனில் வந்த ஒரு சின்னப் பெண் அந்த நிலைப்படியில் உட்கார்ந்து பாதி நிறத்தோடும் பாதி இல்லாமலும் எடுத்துக்கொண்ட படம் எங்கோ ஒரு போட்டியில் பரிசு வாங்கியது. குடியிருப்புச் சங்கத்தின் பதிவேட்டில் அந்த வீட்டுக்கு நேராக, சுவரின் நிறம் என்ற கட்டத்தில், செயலாளர் ஒரு கோடு போட்டார்.

தங்கை எடுத்த படங்களை அக்கா அதுவரை பார்த்ததில்லை. வீட்டுக்குள் போன் திரையும் சாம்பல்தான் என்பதால், மூன்றாவது வருடம் ஒரு விடுமுறைப் பகலில் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். முதலில் அந்தச் சிவப்புக் குடை, இடது பக்கம் சாய்ந்து. பிறகு சாய்ந்த கடை, சாய்ந்த பேருந்து நிறுத்தம், சாய்ந்த ஜன்னலோரம் தூங்கும் அக்கா. எண்ணூற்றுச் சொச்சம் படங்கள். எல்லாவற்றையும் பார்த்து முடித்தபோது கால் மரத்துப்போயிருந்தது. மற்றதெல்லாம் முன்பே மரத்திருந்ததால், காலில் ரத்தம் திரும்ப ஓடி ஊசி ஊசியாகக் குத்தியதை அவள் கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் கவனித்தாள்.

கத்திரி ஐந்தாவது வருடம் காலமானார். அவர் எண்ணையும் யாரும் நீக்கவில்லை. வேன்காரர் பெரிய பேருந்துக்கு மாறினார், பெயர் மாறவில்லை. ஏழாவது வருடம் ஒரு சனிக்கிழமை காலை அவள் குளியலறைக் கதவைத் திறந்தபோது உள்ளே வாளி நீலமாக இருந்தது. வாளி மட்டும்தான். குவளை சாம்பல், சோப்பு சாம்பல், குழாய் சாம்பல். அவள் வாளியை வெளியே தூக்கிவந்து கூடத்தில் வைத்துப் பார்த்தாள், அங்கேயும் நீலம். தங்கையாக இருந்தால் அது எந்த நீலம் என்று சொல்லியிருப்பாள். அவளுக்கு நீலம் என்பதற்கு மேல் தெரியவில்லை. பால்கனியிலிருந்து வெளிச்சம் விழுகிற இடத்தில் அதை வைத்து, குனிந்து, ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டாள்.

"புது வாளியாக்கா?" என்று கேட்டார் வேன்.

"இல்ல, பழசுதான்," என்று எழுதிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, இரண்டு போர்வைகளை அதில் ஊறப்போட்டாள்.