வீட்டின் மேல் ஒரு கையெழுத்து

கோலியர்ஸ் வுட் வீட்டை ஈடு வைக்க யசோதினி கையெழுத்துப் போட்டால், நோர்பரியில் இரண்டாவது கடை திறக்க வங்கி கடன் கொடுக்கும். வீடு அவள் பேரிலும் கணவன் நிசாந்தன் பேரிலும் இருந்ததால், அதற்கு முன் அவள் ஒரு வழக்கறிஞரைத் தனியாகச் சந்திக்க வேண்டும். கணவன் கூட இருக்கக் கூடாது. அது வங்கியின் நிபந்தனை.

"மலேசியத் தமிழ் ஆள். பத்து நிமிசத்தில முடிச்சுத் தருவா," என்று சொல்லி நிசாந்தன்தான் அவரைத் தேடிப் பிடித்திருந்தான். படியேறும்போது தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டான். "உள்ளுக்குக் குளிரும். நான் வெளியில இருக்கிறன்."

வழக்கறிஞர் மங்கை பத்து நிமிடத்தில் முடிக்கிறவர் இல்லை. ஒவ்வொரு தாளாகத் திருப்பினார்.

"கடனைக் கட்ட முடியலைன்னா வங்கி வீட்டை எடுத்துக்கும். புரியுதா?"

"ஓம். கடையும் எங்கடதானே. பாதி என்ர பேரில இருக்கு."

மங்கை கண்ணாடியைக் கழற்றினார். "கம்பெனியில உங்களுக்குப் பங்கு இல்லைங்க. உங்க கணவருக்குப் பாதி. பிரவீணன்னு ஒருத்தருக்குப் பாதி."

"அது அவற்ர தம்பி." யசோதினி சிரிக்கப் பார்த்தாள். "பேப்பர் பிழையா இருக்கும்."

மங்கை ஒரு தாளை நகர்த்தினார். போன ஜனவரியில் எழுதிய பங்கு மாற்றப் பத்திரம்; அவளுடைய பாதி பிரவீணனுக்கு. கீழே அவளுடைய கையெழுத்து.

அன்றைக்குப் பொங்கல். பால் பொங்கி வருகிற நேரம் பார்த்து நிசாந்தன் குசினிக்குள் வந்தான். "வரிக் கடுதாசி, கெதியாக் கையெழுத்துப் போடும்." கையில் ஒட்டியிருந்த சர்க்கரையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போட்டாள். வாசிக்கவில்லை. அவன் நீட்டியதை அவள் எப்போது வாசித்தாள்?

பதினொரு வருடமாக விடிய ஐந்து மணிக்குக் கடை ஷட்டரைத் தூக்குகிறவள் அவள். அந்தக் கடைக்கு ஒரு வங்கியும் கடன் தராதபோது தாலிக்கொடியை விற்றுத் தந்தவளும் அவள்தான்.

"பிரவீணன்ர வீடும் ஈடோ?"

"இல்ல. உங்க வீடு மட்டும்தான்." மங்கை பேனாவை நீட்டவில்லை. "போடாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். தெரிஞ்சு போடணும்."

வெளியே நிசாந்தன் எழுந்து நின்றான். கையில் அவளுக்கு வாங்கிய தேத்தண்ணி.

"முடிஞ்சுதோ?"

"பொங்கலண்டு என்ன பேப்பர் தந்தனீங்கள்?"

அவன் தேத்தண்ணியைப் பார்த்தான். "தம்பி காசு போட்டவன், யசோ. பாதி வேணுமெண்டு நிண்டான். உம்மட பேரில இருந்தா என்ன, என்ர பேரில இருந்தா என்ன? குடும்பம் ஒண்டுதானே."

"அப்ப உங்கட பாதியைக் குடுத்திருக்கலாம்."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு, "நாலு மணிக்குள்ள வங்கிக்குச் சொல்லவேணும்," என்றான்.

"கேட்டிருந்தா தந்திருப்பன். அதைத்தான் தாங்க ஏலாமக் கிடக்கு."

கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தாள். கைப்பையில் இருந்த கடை ஷட்டர் பூட்டின் திறப்பை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

"வீட்டை ஈடு வைக்க நான் கையெழுத்துப் போடேல்லை எண்டு வங்கிக்குச் சொல்லுங்கோ. நாளைக்கு ஷட்டரைத் தம்பியைத் தூக்கச் சொல்லுங்கோ."

தேத்தண்ணியை வாங்காமல் படியிறங்கினாள். கீழே நல்ல குளிர்.