வார்டே கேட்ட ஜெபம்

சபையில் அவருக்கு ஜெபவீரர் என்று பெயர். யாராவது அப்படிக் கூப்பிட்டால், "ஐயோ, நான் ஒண்ணுமே இல்லங்க" என்பார். இன்னொரு தடவை கூப்பிட மாட்டார்களா என்று காது மட்டும் அந்தப் பக்கமே இருக்கும். பகலெல்லாம் லேத் பட்டறை இரைச்சலை மீறிக் கத்திப் பழகிய தொண்டை. அதை ஆண்டவருக்கென்று கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பானேன்? இதெல்லாம் இப்போது அவரே சொல்லிச் சிரிப்பது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் மனைவிக்கு வயிற்றில் கட்டி. காலையில் ஆபரேஷன். வளையலைக் கழற்றிவிட்டு, பச்சை அங்கியோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் அவர் கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்றிருந்தன.

"என்னங்க, பயமா இருக்கு. ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க."

ஒரு வார்த்தையாம். யாரிடம் போய்க் கேட்கிறாள் பாருங்கள்.

அவர் வார்டைச் சுற்றிப் பார்த்தார். ஆறு கட்டில்கள். துணைக்கு வந்தவர்கள் வேறு. வாசலில் மருந்துத் தட்டோடு நர்ஸ். சாட்சியாக நிற்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? மனைவியின் கையை மெல்ல விடுவித்து, தன் இரண்டு கைகளையும் உயர்த்தினார். ஒற்றைக் கையை மட்டும் உயர்த்தினால் பார்க்க நன்றாக இருக்காது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"சர்வ வல்லவரே" என்று ஆரம்பித்து, பைபிளில் வரும் செங்கடலைப் பிளந்தார். எரிகோ மதிலைத் தள்ளினார். டாக்டரின் கையை, கத்தியை, மயக்க மருந்தைத் தனித்தனியே ஆசீர்வதித்தார். மற்ற ஐந்து கட்டில்களையும் விடவில்லை. நடுவில் யாரோ தோளைத் தொட்டார்கள். பாவம், யாருக்கோ உள்ளம் உடைந்துவிட்டது என்று குரலை இன்னும் ஏற்றினார். ஏதோ சக்கரம் கிறீச்சிட்டது. அதையும் அமுக்கிவிட்டார். கடைசியில் தொண்டை தழுதழுக்கும் இடம் ஒன்று உண்டு. எப்போதும் கைகொடுக்கும் இடம், அன்றும் கைகொடுத்தது.

"ஆமென்" என்று கண்ணைத் திறந்தால் கட்டில் காலி.

"அவங்கள ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களே" என்றார் பக்கத்துக் கட்டில் அம்மா. "நர்ஸ் உங்க தோளத் தட்டிக்கூடப் பாத்தாங்க. போறப்ப உங்க வீட்டம்மா உங்களையே திரும்பித் திரும்பிப் பாத்துட்டுப் போனாங்க." பிறகு இரக்கப்பட்டு, "ஜெபம் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

வாழ்நாளில் முதல் முறையாக அந்தப் பாராட்டு கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. அட மடையா, கட்டினவளை வழியனுப்பத் துப்பில்லை, ஊருக்கெல்லாம் மன்றாட வந்துவிட்டாயா என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினார். ஒரு செருப்பு கழன்றது. விட்டுவிட்டு ஓடினார்.

நல்ல வேளை, லிஃப்ட் இன்னும் வரவில்லை. அதன் முன்னால் தள்ளுவண்டியில் அவள் படுத்திருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டார்.

"சீக்கிரம் சொல்லிட்டு விடுங்க சார்" என்றார் வண்டி தள்ளுபவர்.

வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. செங்கடலும் இல்லை, எரிகோவும் இல்லை. இவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்ற பயம் மட்டுந்தான் உள்ளே இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, ஆண்டவரிடமும் சொன்னதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பழகிய இடத்தில் வருகிற அழுகை இல்லை இது, மூக்கும் சேர்ந்து ஒழுகியது.

லிஃப்ட் கதவு திறந்தது. அவள் அவரையே பார்த்தாள். கண்ணை மூடாமல், வண்டிக்காரருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அப்பா, இவருக்கும் பயமா இருக்கு. இவரையும் பாத்துக்கோங்க."

"ஆமென்" என்றார் அவர். குரல் வெளியே வரவேயில்லை.