பளிச்சு துடைத்த முக்காலி

இப்படி வாருங்கள், கண்ணுகளா. சுவரோரம் சாய்ந்திருப்பவர்களும் கொஞ்சம் முன்னால் நகருங்கள். இந்தக் கதையைக் கத்திச் சொன்னால் ருசிக்காது, காதோடு சொன்னால்தான் ருசிக்கும். அழ வைக்கிற கதை இல்லை, பயப்படாதீர்கள். துடைக்கக் கூடாததைத் துடைத்துவிட்டு, பிறகு தலை நிமிர்ந்து நின்ற ஒரு பெண்ணின் கதை.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். எல்லோருக்கும் அவள் பளிச்சு. தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தோமோ இல்லையோ, அது கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். அண்ணன் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போய்த் திரும்பினால் செருப்பு ஈரமாக இருக்கும். "ஒரே இடத்துல ரொம்ப நேரம் உட்காராதீங்க, உங்களையும் சேர்த்துத் துடைச்சிடுவா" என்று அண்ணி விருந்தாளிகளை எச்சரிப்பது வழக்கம்.

இந்தப் பளிச்சு படித்தது வடிவமைப்புக் கல்லூரியில். நாற்காலி, விளக்கு, கதவின் கைப்பிடி, பை, செருப்பு என்று மனிதக் கை படுகிற சாமான்களை எப்படிச் செய்தால் வசதி என்று சொல்லித்தருகிற இடம். பரீட்சைத் தாளை நிரப்பிவிட்டு அடுத்த வருஷத்துக்குப் போய்விட முடியாது. வருஷக் கடைசியில் ஒரு சாமானைச் செய்து நடுவர்கள் முன்னால் வைக்க வேண்டும். அது தேறினால் நீயும் தேறுவாய். இல்லையென்றால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம்.

பளிச்சு ஏற்கெனவே ஒரு தடவை அப்படி அதே வகுப்பில் நின்றுபோனவள். இரண்டாம் வருஷத்தில் அவள் செய்த மேசை விளக்கு அப்படி ஒரு அழகு. வழவழவென்று, கண்ணாடி போல. நடுவர் அதைத் தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "ஸ்விட்ச் எங்கம்மா?" என்றார் கடைசியில். வழவழப்பைக் கெடுக்கிறதே என்று ஸ்விட்சை அவள் அடிப்பக்கத்து மடிப்புக்குள் ஒளித்து வைத்திருந்தாள். இருட்டில் தேட வேண்டிய ஸ்விட்சை வெளிச்சத்திலேயே காணோம் என்றால் யார்தான் பாஸ் போடுவார்கள்?

ஒரு தடவை நிற்கலாம் என்பது கல்லூரியின் விதி. இரண்டாம் தடவை கிடையாது. பட்டம் இல்லாமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆக, கடைசி வருஷத்துச் சாமான் தேறியே ஆக வேண்டும். இதற்கிடையே மரச்சாமான் பட்டறை நடத்தும் ஓர் அம்மாள் அவளிடம் சொல்லியிருந்தார்: "பட்டத்தோட வா, உனக்குன்னு ஒரு மேசை போட்டு வைக்கிறேன். பட்டம் இல்லாம வந்தா டீ மட்டும் குடுப்பேன்."

கடைசி வருஷத்துக்கு இன்னொரு விதியும் உண்டு, கதையே அதில்தான் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். செய்த சாமானைக் கல்லூரியில் பூட்டி வைக்கக் கூடாது. நிஜமாக வேலை நடக்கிற ஓர் இடத்தில் கொடுத்து, ஒரு பருவம் முழுக்கப் புழங்கவிட வேண்டும். பிறகு அதை இருக்கிறபடியே, கறையோடும் கீறலோடும், நடுவர்கள் முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். எந்த இடம் தேய்ந்திருக்கிறது, எந்த இடத்தில் கை பட்டதே இல்லை என்று அவர்கள் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். வாய்ப்பேச்சு எடுபடாது.

பளிச்சு செய்தது ஒரு முக்காலி. தையல்காரர்களுக்கென்றே செய்தது. தெருமுனைத் தையல் கடையில் தையல்கார அக்கா ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தைப்பாள். தைப்பது பாதி நேரம், "கத்தரிக்கோல் எங்க போச்சு?" என்று துணிக் குவியலுக்குள் துழாவுவது மீதி நேரம். பளிச்சு பக்கத்தில் உட்கார்ந்து பல நாள் அதையே பார்த்தாள். பிறகு முன்பக்கம் ஒரு துளி சாய்ந்த பலகை, வலது தொடைக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல் செருக ஒரு மரப் பை, கீழே மூன்று கால் என்று முக்காலியைச் செய்துகொண்டுபோய்க் கொடுத்தாள்.

அக்கா முதலில் முகத்தைச் சுளித்தாள். "சாய்மானம் எங்கடி?"

"நீங்க எப்பக்கா சாஞ்சிருக்கீங்க? எப்பவும் மிஷின் மேல கவுந்துதானே இருக்கீங்க."

"அதுவும் சரிதான்" என்று உட்கார்ந்தவள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. பருவம் முழுக்க அதிலேயே தைத்தாள். நடுவர்கள் பார்க்கும் நாள் நெருங்கியபோது பளிச்சு போய் முக்காலியைத் திருப்பி வாங்கிவந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நடுக்கூடத்தில் வைத்துச் சுற்றிவந்து பார்த்தாள். பலகையில் மிஷின் எண்ணெய்க் கறை. கால்களில், துணியில் கோடு போடுகிற தையல் சாக்குக்கட்டியின் நீலம். மரப் பையின் வாய் கத்தரிக்கோல் உரசி உரசிக் கறுத்திருந்தது. இவ்வளவும் அவள் ஆசைப்பட்டதுதான். மனசு குளிர்ந்துபோயிற்று.

பலகை ஓரத்தில் மட்டும் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. யாரோ சாப்பிட்ட கையை வைத்திருக்க வேண்டும். அது தையலால் வந்த கறை இல்லையே, அதை மட்டும் எடுத்துவிடலாம் என்று ஈரத்துணியை எடுத்தாள். அங்கேதான் வம்பு. அந்த இடம் சுத்தமானதும் பக்கத்து இடம் அழுக்காகத் தெரிந்தது. பக்கத்து இடத்தைத் துடைத்தால் அதற்கடுத்த இடம் முறைத்தது. ஈரத்துணி போய் உப்புத்தாள் வந்தது, உப்புத்தாள் போய் வார்னிஷ் வந்தது. கை பாட்டுக்கு வேலை செய்தது. வாய் பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்தது. அண்ணி சாயங்காலம் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது முக்காலி புதுமாப்பிள்ளை மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

"ஐயையோ!" என்றாள் அண்ணி, பையைக் கீழே போட்டுவிட்டு. "அழுக்கோட கொண்டு போகணும்னு நீதானே தினம் சொல்லிட்டு இருந்தே?"

பளிச்சு கையிலிருந்த பிரஷைப் பார்த்தாள். முக்காலியைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அண்ணி... என் கையை வெட்டிப் போடுங்க."

"வெட்டினா அந்த ரத்தத்தையும் நீயேதான் துடைப்பே." அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சரி விடு. ஊத்துறதுக்கு எண்ணெய் நம்ம வீட்லயே இருக்கு. சாக்குக்கட்டி நான் வாங்கிட்டு வரேன். ரெண்டு கீறல் போட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

பளிச்சு பிரஷைக் கீழே வைத்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வேணாம் அண்ணி. அக்கா வச்ச கறைன்னா அதுல அக்கா இருப்பாங்க. நாம வச்சா நம்ம திருட்டு முழிதான் இருக்கும். முக்காலி நல்ல முக்காலி. அது எனக்குத் தெரியும். துடைச்சதால அது கெட்டதாயிடாது."

"அது நடுவருங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வைக்கணும்" என்றாள் பளிச்சு. எப்படி என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் அந்தக் குரலைக் கேட்ட அண்ணி அதற்கு மேல் கேட்கவில்லை.

நடுவர்கள் வந்த நாளில் கல்லூரிக் கூடம் முழுக்கத் தேய்ந்த சாமான்கள். ஒருத்தன் செய்த கூடையில் காய்க்கறை, ஒருத்தி செய்த கரண்டியில் அடிபிடித்த கறுப்பு. நடுவில் பளிச்சுவின் முக்காலி, வெட்கமே இல்லாமல் மின்னியது.

நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் கல்லூரிப் பேராசிரியர். உயரமும் விறைப்புமாக இருப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அளவுகோல். இன்னொருவர் வெளியிலிருந்து வந்த அம்மாள், செருப்பு செய்யும் ஆலையில் தலைமை வடிவமைப்பாளர். எதைக் கண்டாலும் அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். முக்காலியையும் தூக்கித் திருப்பினார்.

"அடியைக்கூட விடலையாம்மா நீ?"

"மூணு காலுக்கும் புது ரப்பர் மாட்டிட்டேன் மேடம்" என்றாள் பளிச்சு, அசடு வழிய.

அளவுகோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இது இன்னிக்குக் காலைல செஞ்ச மாதிரி இருக்கே. விதி தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார். மனப்பாடமாத் தெரியும். கைக்குத்தான் தெரியாமப் போச்சு. துடைச்சிட்டேன். என் தப்புதான். ஆனா இதுல உட்கார்ந்து ஒரு பருவம் முழுக்கத் தைச்சிருக்காங்க, அது பொய் இல்லை."

"நீ சொல்றதை நான் எப்படி எடுத்துக்க முடியும்?"

"எடுத்துக்க வேணாம் சார். கடைக்கு வாங்க. நடந்து போற தூரம்தான்."

"அந்த அம்மாவும் நீயும் அக்கா தங்கச்சி மாதிரிப் பழகியிருப்பீங்க. உனக்காக நாலு வார்த்தை நல்லபடியாத்தான் சொல்லுவாங்க."

"அவங்க வாயே திறக்க வேணாம். வேலை செய்யட்டும், நீங்க பாருங்க. ஒண்ணுமே தெரியலைன்னா நான் வீட்டுக்குப் போயிடறேன் சார்."

கூடமே அவளைத் திரும்பிப் பார்த்தது. செருப்பு அம்மாள் சிரித்துவிட்டார். "வாங்க சார், போயிட்டு வருவோம். எனக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போச்சு."

முக்காலியைத் தூக்கிக்கொண்டு பளிச்சு முன்னால் நடந்தாள். நடை வேகமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே போனால் என்ன கண்ணில் படும் என்று அவளுக்கே தெரியாது. அக்கா அந்த முக்காலியில் எவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள் என்பதைக் கண்ணால் பார்த்திருந்தாள், அவ்வளவுதான். அந்த நிம்மதி ஏதாவது ஒரு வழியில் வெளியே வராமலா போகும்?

கடையில் தையல்கார அக்கா பழைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பள்ளிச் சீருடையைத் தைத்துக்கொண்டிருந்தாள். முக்காலியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா! எங்கடி போன என் ராசாத்தி?" என்றாள். அது பளிச்சுவைப் பார்த்து இல்லை, முக்காலியைப் பார்த்து.

அளவுகோல் கையை உயர்த்தினார். "அம்மா, தயவுசெஞ்சு பேசாதீங்க. முக்காலி அப்படி ஓரமா இருக்கட்டும். நீங்க எப்பவும் போல வேலை செய்யுங்க, நாங்க சும்மா பார்க்கிறோம்."

"பேசாமலா?" அக்கா பளிச்சுவைப் பார்த்தாள். பளிச்சு கண்ணாலேயே கெஞ்சினாள். அக்கா உதடுகளை அழுத்தி மூடிக்கொண்டாள். அவளுக்கு அதைவிடக் கஷ்டமான வேலையை யாரும் கொடுத்ததில்லை.

மிஷின் ஓடியது. நின்றது. அக்கா கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினாள். கண் தையலிலேயே இருந்தது. கை மட்டும் தன் பாட்டில் வலது தொடைக்குப் பக்கம் இறங்கியது, விரல் விட்டது.

ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி என்று சொல்வோம் இல்லையா? விழுந்தது கத்தரிக்கோல். டணார் என்று கடையே அதிர்ந்தது.

அக்கா குனிந்து எடுத்தாள். மறுபடி தைத்தாள், வெட்டினாள். கை மறுபடி அதே இடத்துக்கு இறங்கியது. டணார்.

செருப்பு அம்மாள் அளவுகோலைப் பார்த்தார். அளவுகோல் தரையைப் பார்த்தார். நாற்காலியின் வலது பக்கத்துச் சிமெண்டுத் தரையில் கத்தரிக்கோல் முனை குத்திய புள்ளிகள் வெள்ளை வெள்ளையாக இருந்தன, எல்லாம் புதுசு.

"ஏம்மா இப்படிக் கீழ போட்டுக்கிட்டே இருக்கீங்க?" என்றார் அளவுகோல்.

"இப்ப பேசலாமா?" என்றாள் அக்கா.

"பேசுங்க."

"நான் எங்கய்யா போடறேன்? இவ முக்காலியத் தூக்கிட்டுப் போனதுலேர்ந்து இதே கூத்துதான். கை அங்கதான் போகுது. மேசை மேல வைடின்னு நானும் என் கைக்கு எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன், கேட்டாத்தானே? நேத்து கால் மேலயே விழுந்திருக்கும், மயிரிழையில தப்பிச்சேன்!"

பளிச்சு தன் கையைப் பார்த்தாள். தன் கையும் சொன்ன பேச்சுக் கேட்காத கைதான். அக்காவின் கையும் அப்படித்தான். ஒரு கை கெடுத்ததை இன்னொரு கை காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அளவுகோல் தானே போய் முக்காலியைத் தூக்கிவந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வைத்தார். அக்கா உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். மிஷின் ஓடியது, நின்றது. அக்கா நூலை வெட்டினாள். கை இறங்கியது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

சத்தமே வரவில்லை. கத்தரிக்கோல் மரப் பைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அக்கா பார்க்கக்கூட இல்லை. அடுத்த தையலுக்குப் போய்விட்டாள்.

செருப்பு அம்மாள் மெல்லச் சொன்னார்: "சார், தேஞ்ச செருப்பை எவ்வளவோ பார்த்திருக்கேன். தேஞ்ச ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

"துடைச்சதுக்கு மார்க் குறைப்பேன்" என்றார் அளவுகோல், விறைப்பு குறையாமல்.

"குறைங்க சார்" என்றாள் பளிச்சு.

"நிறையவே குறைப்பேன்."

"குறைங்க சார். பாஸா?"

அவர் வாசல் வரை போய்த் திரும்பினார். "பாஸ் இல்லாம? அந்த அம்மா கால்ல கத்தரிக்கோல் விழுந்தா அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?"

பட்டம் வாங்கிய நாளில் அண்ணன் கைதட்டிய தட்டலில் பக்கத்து இருக்கைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். பட்டறை அம்மாள் சொன்னபடி மேசையும் போட்டுக் கொடுத்தார், டீயும் கொடுத்தார். முக்காலி தையல்கார அக்காவுக்கே என்று ஆயிற்று. பளிச்சு கடைக்குப் போகிறபோதெல்லாம் அக்கா வேண்டுமென்றே சாக்குக்கட்டிக் கையை அந்தப் பலகையில் தேய்த்துக் காட்டுவாள். "துடைப்பியா? துடைப்பியா?" பளிச்சு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. மெல்ல எழுந்திருங்கள், கால் மரத்திருக்கும். உங்கள் வீட்டு நாற்காலியெல்லாம் ஆள் வந்து உட்கார்ந்து உட்கார்ந்தே தேயட்டும். வாசற்படி உறவு மிதித்து வழவழப்பாகட்டும். உங்கள் வீட்டில் யார் எதற்குக் கையை நீட்டினாலும், அது அந்த இடத்திலேயே அவர்களுக்காகக் காத்திருக்கட்டும்.