சட்டாம்பிள்ளை வைத்த பட்டன்

அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் சட்டாம்பிள்ளை. இணையதளம் கட்டுகிறவன். ஒரு பக்கம் முடிந்ததும் மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். இவன் மட்டும் மவுஸைப் பிடுங்கிவிட்டு, திரையை அணைத்துவிட்டு, பக்கத்தைப் படித்துச் சொல்லும் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு, விசைப்பலகையாலேயே மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்ப்பான். எங்காவது முட்டிக்கொண்டால் தொலைந்தது, ஒருவரையும் வீட்டுக்குப் போக விடமாட்டான். நான்கு வருடத்துக்கு முன் அக்காவுக்குப் பார்வை போன பிறகு வந்த பிடிவாதம் அது.

அந்த அக்காதான், அவன் வீட்டில் இருந்த ஒரு நாள் காலை பதினொரு மணிக்குப் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"டேய், இங்க வா. எல்லாத்தையும் எழுதி முடிச்சிட்டேன். அனுப்பத்தான் வழியே காணோம்."

நூலகத்தில் வேலை. வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். விண்ணப்பிக்கப் பன்னிரண்டு மணிவரைதான் நேரம். பார்வை போன பிறகு அக்கா ஆசைப்பட்ட முதல் வேலை அது.

எட்டிப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருடத்துக்கு முன், பழைய கம்பெனியில், அவசர அவசரமாக அவன் கட்டிய தளம். கீழே பச்சையாக, லட்சணமாக, 'அனுப்பு' என்று இருந்தது. பட்டன் வேஷம் போட்ட வெறும் பெட்டி. மவுஸ் பட்டால்தான் வேலை செய்யும். விசைப்பலகையோடு வருகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மவுஸை நகர்த்தினான். சத்தம் கேட்டு அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அமுக்காத. வேலை கெடச்சா தினமும் இதே சைட்லதான் பதில் அனுப்பணும். அப்பவும் நீ வந்து அமுக்குவியா?"

வாசலுக்குப் போய்ப் பழைய மேனேஜருக்குப் போன் போட்டான். தளம் இன்னும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

"ஆறு வருஷமா அந்த பட்டனைப் பத்தி ஒருத்தர்கூட புகார் பண்ணலயேப்பா!"

"புகார் பக்கத்துலயும் அதே பட்டனைத்தான் சார் வச்சிருக்கேன்."

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே, தளத்துக்குள் போய்த் திருத்த அவனை அனுமதித்தார்.

இரண்டு பக்கத்திலும் வேஷத்தைக் கலைத்து நிஜமான பட்டனை வைத்தான். பத்தே நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஆறு வருடம் எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்திவைத்தோமோ என்று நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பக்கத்தைத் திரும்பத் திறக்கணும்க்கா. எழுதினதெல்லாம் போயிடும்."

"போகட்டும். மறுபடி எழுதத் தெரியாதா எனக்கு?"

மணி பதினொன்று ஐம்பத்தாறுக்கு அக்கா கடைசிக் கட்டத்தைத் தாண்டினாள். "அனுப்பு, பட்டன்" என்றது குரல். விசையைத் தட்டினாள். "விண்ணப்பம் கிடைத்தது."

"அப்பாடா! இந்த சைட்டைக் கட்டின மகானுபாவன் மட்டும் என் கையில கெடச்சான்னா..."

"நான்தான்க்கா அது."

அக்காவின் விசைப்பலகை மறுபடி தடதடத்தது.

"இன்னும் என்னக்கா எழுதுற?"

"புகார். இப்பதான் அனுப்ப முடியுதே. உன் பேருக்கு முன்னாடி திரு போடட்டுமா, வேண்டாமா?"

சட்டாம்பிள்ளைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"வேண்டாம்க்கா," என்றான். "ஆறு வருஷம்னு மட்டும் மறக்காமப் போடு."