தொப்பி திரும்பிய சனிக்கிழமை

ஆர்லீன் ஸ்லோனின் இடது கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டும் நான்காம் நம்பர் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடக்கின்றன. சுரங்கத்தின் கூரைப் பாறை சரியாமலிருக்க அவள் ஆணி இறக்கிக்கொண்டிருந்தபோது பெயர்ந்து விழுந்த பாறை, ஆளை விட்டுவிட்டு மோதிர விரலையும் சுண்டு விரலையும் மட்டும் வாங்கிக்கொண்டது. அன்றைக்கு உள்ளே இருந்த நாற்பது பேரில் பெண் அவள் ஒருத்தி. "பொம்பளை குழிக்குள்ள இறங்கினா மலை கோவிச்சுக்கும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், எவன் கேட்டான்?" என்று சுரங்க வாசலில் முதல் ஆளாகச் சொன்னவர் பழைய சுரங்கக்காரர் எஸ்டில் ஹால்கம்.

மலைநாட்டு புளூகிராஸ் பாட்டுப் பாடும் அதே எஸ்டிலின் குழுவில்தான் இரண்டு வருஷமாக அவள் டோப்ரோ என்கிற கிதார் வாசிக்கிறாள்.

சேர்த்துவிட்டது அவளுடைய பெரியப்பா மகன் வெர்லின். அவன் அதே குழுவில் பாஞ்சோ என்கிற கம்பி வாத்தியம் வாசிக்கிறவன். விரல் போன பிறகு சாதாரண கிதாரின் கழுத்தைப் பிடித்துக் கம்பியை அழுத்த அவளுக்கு முடியவில்லை. டோப்ரோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. வயிற்றுக்கு முன்னால் மல்லாந்து தொங்கும். உள்ளே ஒலியைப் பெருக்க ஓர் அலுமினியக் கிண்ணம். கம்பிமேல் எஃகுக் கட்டையை வைத்து இழுத்தால் போதும், அழும், சிரிக்கும். கட்டையைப் பிடிக்க மூன்று விரல் தாராளம். ஆனால் கட்டைக்குப் பின்னால் மிச்சமிருக்கும் கம்பி சும்மா கிடக்காது, தானும் முனகும். அதை அடக்கத்தான் மற்றவர்களுக்கு அந்த இரண்டு விரல்.

துணி வைத்துப் பார்த்தாள், தோல் வைத்துப் பார்த்தாள். கடைசியில், கரியை வெளியே கொண்டுவரும் பெல்ட்டிலிருந்து ஒரு துண்டு ரப்பர் வெட்டி, விரல் இருந்த இடத்தில் டேப் சுற்றி ஒட்டினாள். முனகல் அடங்கியது.

"எடுத்துக்கிட்ட குழியே ஒண்ணத் திருப்பிக் குடுத்துடுச்சுண்ணே" என்றாள் வெர்லினிடம்.

குழுவுக்கு ஒரே மைக். பாடுகிறவர் அதன் முன்னால் நிற்பார். பாட்டுக்கு நடுவே யார் தனியாக வாசிக்கிறாரோ அவர் உள்ளே நுழைய, மற்றவர் விலக வேண்டும். எஸ்டில் தொப்பி விளிம்பைத் தொட்டு ஒருவரைப் பார்த்தால் அவருடைய முறை. இரண்டு வருஷத்தில் அந்தத் தொப்பி வெர்லின் பக்கம் ஆயிரம் தடவை திரும்பியிருக்கும், வயலின் வாசிக்கும் ஃபிடில்காரன் பக்கம் எண்ணூறு தடவை. ஆர்லீன் பக்கம் ஒரு தடவைகூட இல்லை. மைக்கிலிருந்து நான்கு அடி தள்ளி நின்று, முதல் வரிசைக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசித்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை. கரி எடுப்பதற்காகத் தலையைச் சீவிவிட்டுப் போன மலைமேல், மொட்டைத் தரையில் திருவிழா. பகல் வெயிலில் மடக்கு நாற்காலிகள், பின்னால் வரிசையாக டிரக்குகள். மேடைக்குப் பக்கத்தில் ஆர்லீன் எஸ்டிலை மறித்தாள்.

"மாமா, இன்னைக்கு எனக்கு ஒரு முறை குடுங்க."

எஸ்டில் புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். "எதுக்கு? தகரக் கூரையில மழை பேயற சத்தம் கேக்கணும்னா ஜனங்க வீட்டுலயே இருந்திருப்பாங்களே."

"நனைஞ்சு பாத்தாத்தான தெரியும்."

"கையிலதான் மூணு விரல். வாய்க்குப் பத்தும் இருக்குது உனக்கு" என்று சொல்லிவிட்டு அவர் படியேறினார்.

ஆர்லீன் வெர்லின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, டேட்டன் டவுன்லேருந்து அக்கா போன் பண்ணினா. ஃபேக்டரியில திங்கக்கிழமை ஆள் எடுக்குறாங்களாம். இன்னைக்கும் அந்தத் தொப்பி என் பக்கம் திரும்பலேன்னா இந்த டோப்ரோவை உன் வீட்டுல போட்டுட்டு பஸ் ஏறிடுவேன்."

"என் வீட்டுல போடாத தாயி. உன் அண்ணி என் பாஞ்சோவையே கோழிக்கூட்டுக்குக் கொண்டுபோகச் சொல்றா." சிரித்துவிட்டுத்தான் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் விளையாடவில்லை.

ஆறு பாட்டு போனது. தொப்பி திரும்பவில்லை.

ஏழாவது, எஸ்டில் தன் தம்பியைப் பற்றிக் கட்டிய பாட்டு. காலையில் சாப்பாட்டு வாளியோடு உள்ளே போய், சாயங்காலம் வாளி மட்டும் வெளியே வந்த கதை. அந்தப் பக்கத்தில் அதைத் தெரியாத வீடு கிடையாது. "நான் பாடறப்ப எவனாவது மெட்டைத் தொட்டா கையை ஒடிப்பேன்" என்பது அவர் சட்டம். இரண்டு சரணம் முடிந்து, மூன்றாவதின் முதல் வார்த்தையில் குரல் நின்றுபோனது.

வெர்லினும் ஃபிடில்காரனும் அவர் வரியை மறந்துவிட்டார் என்று நினைத்தார்கள். மறந்தவனுக்கு ஞாபகம் வரும்வரை அதே சுருதியில் சுற்றிக்கொண்டு காத்திருப்பதுதான் மரியாதை. காத்திருந்தார்கள். ஒரு சுற்று. இரண்டு சுற்று.

ஆர்லீனுக்குத் தெரிந்தது அவருடைய முதுகு. சட்டை நடுமுதுகில் ஒட்டியிருக்க, தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறியிருந்தது. வரி தொலைந்தவனுக்குக் கண் தேடும். மூச்சு தொலைந்தவனுக்குத் தோள்தான் தேடும். முப்பது வருஷக் கரித்தூள் நெஞ்சில் கட்டிய ஆட்களைக் குழியில் அவள் அப்படிப் பார்த்திருக்கிறாள். இது மறதி இல்லை.

நான்கு அடியையும் இரண்டு எட்டில் தாண்டினாள். எஸ்டிலைத் தோளால் ஒதுக்கிவிட்டு டோப்ரோவை மைக்குக்குக் கொடுத்தாள்.

வாசித்தது அவருடைய சரணம்தான். கை வேகம் எதையும் அதில் காட்டவில்லை. அவர் இழுக்கிற இடத்தில் இழுத்தாள், தொண்டை தழுதழுக்கிற இடத்தில் கட்டையை நடுங்கவிட்டாள், அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் நிறுத்தினாள். மூன்றாவது வரிசையில் ஒரு கிழவர் வாயசைக்க ஆரம்பித்தார். பிறகு அவர் வரிசை. பிறகு டிரக்குக் கதவில் சாய்ந்திருந்தவர்கள். சரணம் முடியும்போது கம்பிதான் பாடுகிறதா, மலைதான் பாடுகிறதா என்று பிரிக்க முடியவில்லை. முட்டியில் கையூன்றிக் குனிந்திருந்த எஸ்டில் மெல்ல நிமிர்ந்து, அவளுக்குப் பக்கத்திலேயே நின்று பல்லவியை எடுத்தார்.

எல்லாரும் எழுந்ததில் நாற்காலிகள் சாய்ந்தன. டிரக்குகள் ஒன்று மாற்றி ஒன்று ஹாரன் அடித்தன.

எஸ்டில் அவளை முறைத்தார். "யாருடி உன்னைக் கூப்பிட்டது?" மைக் அதையும் ஊருக்குச் சொல்லிவிட்டது.

"யாரும் கூப்பிடல மாமா. கீழ ஒருத்தன் மாட்டிக்கிட்டா, கூப்பிடட்டும்னா காத்துக்கிட்டிருப்போம்?"

முன்வரிசையில் இருந்த சுரங்கத்து ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும், "அதான!" என்றார்.

எஸ்டில் விளிம்பைத் தொட்டார். அப்புறம் தொப்பியையே கழற்றி அவள் பக்கம் நீட்டினார். "சரி, பெய்யி பாப்போம் உன் மழையை" என்று சொல்லி, இருப்பதிலேயே வேகமான மெட்டுக்குக் காலைத் தட்டினார்.

பெய்தாள். ஒரு முறைக்கு ஒரு சுற்றுதான் கணக்கு. அவள் மூன்று வாசித்தாள். மூன்றிலும் தொப்பி எஸ்டில் தலைக்குத் திரும்பவில்லை.

மலையிறங்கியதும் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"திங்கக்கிழமை வரல."

"பின்ன எப்பதான்டி வருவ?"

"வாசிக்க வருவேன். முன்னால உக்காரு, கேக்கும்."

அக்டோபரில் குழுவோடு போனாள். அக்கா முன்னால் உட்கார்ந்து கேட்டாள். அதன்பின் இருபத்தாறு வருஷம், பதினொரு மாநிலம், ஏழு இசைத்தட்டு. எஸ்டிலுக்குப் பாட மூச்சு போதாமல் போனபோது குழு ஆர்லீன் பெயருக்கு மாறியது. அவர் முதல் வரிசையில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்து, அவள் சுருதி தப்பினால் தொப்பியை ஆட்டித் திட்டினார். பெல்ட் ரப்பர் தேயத் தேய மாற்றிக்கொண்டாள்.

தொப்பி அவள் போடுவதில்லை. முறை கொடுக்க அந்த மூன்று விரலைத் தூக்குவாள். யார் புதிதாகச் சேர்ந்து மைக்கிலிருந்து தள்ளி நிற்கிறாரோ, முதல் பாட்டில் அவரைப் பார்த்துத்தான்.