முழங்கால்கள் இடிக்காமல் நிற்பது எப்படி

1.

இதை எழுதுவது என் யோசனை அல்ல. அண்ணன் படித்த பள்ளியில் அவன் படத்தைத் திறந்துவைக்கப் போகிறார்கள். ராணுவ அகாடமிக்குத் தயாராகும் மாணவர்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார் தலைமையாசிரியர். "பெரிசா வேண்டாம்மா. படிச்சா பசங்களுக்கு ரத்தம் சூடேறணும், அவ்வளவுதான்."

(தன் மகனை அவர் மருத்துவத்துக்குத் தயார் செய்கிறார். இந்த வரியைக் கடைசியில் அடித்துவிடுவேன்.)

2.

முதல் தொடக்கம்: சிறுவயதிலிருந்தே அவன் நெஞ்சில் நாட்டுப்பற்று

இல்லை. அவன் நெஞ்சில் இருந்தது பெரும்பாலும் சளி.

இன்னொன்று: அவனுக்குப் பதினேழு வயது. நேராக நின்றால் முழங்கால்கள் இரண்டும் இடித்துக்கொள்ளும், குதிகால்கள் சேராது. மருத்துவப் பரிசோதனையில் அதற்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் பள்ளி விட்டு வந்ததும் முழங்கால்களுக்கு நடுவே தலையணையைச் செருகி, கணுக்கால்களைத் துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் படிக்க உட்காருவான். கட்டிவிடுவது தங்கையின் வேலை.

(தங்கை நான்தான். அப்படி எழுதினால்தான் கை ஓடுகிறது.)

"இன்னும் இறுக்குடி."

"கால் நீலமாயிடும்டா, வாத்து."

"ஆகட்டும். விமானப்படையில சேந்துக்கறேன், அங்க யூனிபார்மே நீலந்தான்."

அடுப்படியிலிருந்து அம்மா கத்துவாள்: "கட்டோட எந்திரிச்சு விழுந்து வைக்காதடா. பல்லு போனவனையும் எடுக்க மாட்டாங்க!"

ஒருநாள் குதிகால்கள் சேர்ந்தன. வீடே தரையில் குனிந்து பார்த்தது. அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. தேர்வானான், அதிகாரியானான், முதன்முதலாகப் போன எல்லைக் காவலிலேயே

[இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.]

3.

எழுதுகிறவளுக்கு இந்த அதிகாரம்கூட இல்லையா என்ன? மாற்றிப் பார்த்தேன்.

தங்கை தினமும் முடிச்சைத் தளர்வாகப் போடுகிறாள். பரிசோதனை அறையில் டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறார். அவன் வீடு திரும்புகிறான். பிறகு வங்கி வேலை, தொப்பை, முன்வழுக்கை. உயிரோடு இருக்கிறான்! அரைப் பக்கம் சந்தோஷமாக ஓடியது. அவனைப் பேசவைக்கும் ஆசையில், அவன் திரும்பி வந்த நாளுக்கே கதையைக் கொண்டுபோனேன்.

"டேய் வாத்து, சாப்பிட வா."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"அண்ணா..."

"நீ வேணும்னுதானே லூசா கட்டுன?"

எழுதியது என் கைதான். கேட்டது அவன். அரைப் பக்கத்தையும் அடித்துவிட்டேன்.

4.

தலைமையாசிரியர் மறுபடி போன் செய்தார். "கடைசி ரெண்டு வரி மட்டும் கொஞ்சம் எழுச்சியா முடிச்சிடுங்கம்மா."

தம்பி, அகாடமிக்குத் தயாராகிக்கொண்டே இதைப் படிக்கிறவனே, போ என்று எழுதக் கை வரவில்லை. போகாதே என்று எழுதினால் அண்ணன் என்னிடம் பேசமாட்டான். அதனால் ஒன்று செய். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது இதைச் சத்தமாகப் படி. பாதியில் யார் எழுந்து உள்ளே போகிறார்களோ, அவர்களிடம் முடிவைக் கேள்.